தொட்டில் மாடி

அம்மாவுக்குச் சொல்வதற்கென்று ஒரு கதை இருந்தது. சலவை ஆலையில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே அவர்களுக்கு அது கிடைத்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் வலது கையை நீட்டிக் காட்டுவாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெளுத்து, மெழுகு தடவியது போல வழுவழுவென்று இருக்கும்.

"ரோலர்ல போன கை. நாலு வருஷம் ஆச்சு. ஆறு மாசம் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியல. அப்ப என் பெரியவளுக்கு பதினாலு வயசு. பள்ளிக்கூடத்த விட்டுட்டு வீட்டோட நின்னா. எனக்குத் தலை வாரி, ஊட்டிவிட்டு, சின்னவளக் குளிப்பாட்டி அனுப்பி... எனக்காகப் படிப்ப விட்டவ அவ."

பெரியவள் அப்போது பக்கத்தில் இருந்தால் எழுந்து போய்விடுவாள். தள்ளுவண்டியை இழுத்து வர வேண்டும் என்பாள், குழாயில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்பாள். தன் பெருமையைக் கேட்கக் கூச்சப்படுகிற பெண் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது பெரியவளுக்குப் பதினெட்டு. அதே ஆலையில், அதே ரோலரில், அம்மாவோடு ஜோடியாக நிற்கிறாள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்து ஈரத்தோடு மலையாகக் குவிந்திருக்கும். அம்மா இடது முனையைப் பிடிப்பாள், பெரியவள் வலது முனையை. சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்து ரோலரின் வாயில் கொடுத்தால் அது சுடச்சுட உள்ளே இழுத்து, தேய்த்து உலர்த்திவிடும். அந்தப் பக்கம் இரண்டு பேர் பிடித்து மடிப்பார்கள். ஒன்று போய் எட்டு எண்ணுவதற்குள் அடுத்தது போக வேண்டும். இரைச்சலில் பேச்சு கேட்காது. வருஷக்கணக்கில் எதிரெதிரே நின்று, உதட்டைப் பார்த்தே பேசப் பழகியிருந்தார்கள். மேற்பார்வையாளருக்கு 'ஆவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நீராவிக் குழாய்களைப் பற்றியே பேசுகிறவர் என்பது ஒரு காரணம். நினைக்காத நேரத்தில் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது இன்னொரு காரணம்.

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஏழெட்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார், மூன்று வாரம் இருப்பார். ஆக வீட்டில் மூன்று பெண்கள்தான். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.

சின்னவள் அந்த வருஷம்தான் உயர்நிலைப் பள்ளியில் முதலாண்டு சேர்ந்தாள். அதுவரை படித்தது தெருக்கோடியிலிருந்த சின்னப் பள்ளிக்கூடம். மொத்தமே நூற்றைம்பது பிள்ளைகள், எல்லா வருஷமும் இவள்தான் முதல். உயர்நிலைப் பள்ளியில் ஆயிரத்து நானூறு பேர். ஆனால் முதலாண்டுக்காரர்களை இப்போது தனியாக மூன்றாவது மாடியில் வைத்திருந்தார்கள். நூறு நூறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு நூறுக்கும் நாலே ஆசிரியர்கள். அந்த நாலு பேரும் வேறு வகுப்புக்குப் போகமாட்டார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அந்த மாடிக்குத் 'தொட்டில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "தாலாட்டு கேக்குதா?" என்று படிக்கட்டில் நின்று கேலி செய்வார்கள்.

"நான் என்ன கைக்குழந்தையா?" என்று முதல் வாரம் சின்னவள் வீட்டுக்கு வந்து பையை விசிறி எறிந்தாள்.

"தனி மாடி குடுத்தா சந்தோஷமா இருந்துட்டுப் போயேன்" என்றாள் அம்மா.

பெரியவள் அந்தப் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவள் படித்தபோது அந்த மாடியில் உடைந்த மேசைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் பெரியவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. பள்ளிப் படிவத்தில் அம்மாவின் எண் என்று சின்னவள் அக்காவின் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். அம்மா போனை எடுப்பதே அபூர்வம்.

"முதலாண்டுப் பிரிவுலேருந்து கணக்கு ஆசிரியர் பேசறேன். பொண்ணோட அம்மாங்களா?"

குரலைக் கேட்டதும் பெரியவளுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். எதிரே குழாயடியில் அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆமா. அம்மாதான் பேசறேன்."

"பயப்படாதீங்க. போன் பண்ணாலே எல்லாரும் பயந்துடறாங்க. பொண்ணு கடைசி எட்டு கணக்கு வகுப்புல அஞ்சுக்கு வரல. காலையில வந்துடறா. கடைசி மணிக்கும் உக்காந்திருக்கா. மத்தியானம் என் வகுப்புக்கு மட்டும் இல்ல. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லையே... உடம்பு சரியில்லையோ என்னமோ."

"இருக்கலாம். பத்து வகுப்பு விட்டுட்டா அந்தப் பாடத்த அடுத்த வருஷம் திரும்பப் படிக்கணும். அதுக்குள்ள பேசிடலாம்னு பாக்கறேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல வர முடியுமா?"

"அஞ்சுக்கே கூப்பிட்டுட்டீங்களா?" என்று பெரியவள் கேட்டாள். குத்தலாகத்தான் கேட்டாள். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"ரெண்டுலயே கூப்பிட்டிருக்கணும். எங்க தப்புதான். இன்னிக்கு நாலு பேரும் உக்காந்து பட்டியல ஒண்ணா வெச்சுப் பாக்கறப்பதான் தெரிஞ்சுது."

அவர் வைத்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "யாரு?" என்றாள்.

"ராங் நம்பர்."

அன்று மாலை பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த பாத்திரங்களை மறுபடியும் துடைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், காற்று வருகிறது என்று மூடினாள், புழுங்குகிறது என்று மறுபடி திறந்தாள். சின்னவள் மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்த பென்சிலையே சீவிக்கொண்டிருந்தாள்.

"கணக்கு எப்படிப் போகுது?"

"போகுது."

"எங்க போகுது?"

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். "என்னது?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா, "கால்ல சக்கரம் கட்டியிருக்கியாடி? பாக்கற எனக்குத் தலை சுத்துது. ஒரு எடத்துல உக்காரு" என்றாள். பெரியவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பல்வலி என்று ஆவியிடம் அரைநாள் கேட்டாள். "எந்தப் பல்லு?" என்று கேட்டார். ஒரு பக்கத்துக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். வீட்டுக்குப் போய் அம்மாவின் சாம்பல் நிற மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் கைப்பையையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வானம் கறுத்துக் கிடந்தது. மழை வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

பள்ளிக்கூட வாசலிலிருந்து இரண்டு தடவை திரும்பிப் போய்விட்டாள். மூன்றாவது தடவை காவலாளி, "யாரப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டதால் உள்ளே போக வேண்டியதாயிற்று.

மூன்றாவது மாடியில் ஆசிரியர் அறை என்பது நாலு மேசையும் ஒரு நீளப் பலகையும்தான். பலகையில் நூறு பெயர்கள். பெயர்களுக்கு எதிரே பல நிறத்தில் புள்ளிகள். கணக்கு சார் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார். காது மடல்களில் நரைமுடி. சட்டைப் பையில் சாக்பீஸ் தூள் மட்டும் அப்படியே இருந்தது.

"உக்காருங்க. நீங்க..."

"அம்மா."

அவர் அவளைப் பார்த்தார், மேலங்கியைப் பார்த்தார், டப்பாவை மூடி வைத்தார்.

"நாலு வயசுல பெத்தீங்களா?"

பெரியவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா. அம்மாவுக்கு லீவு கெடைக்கல."

"பரவாயில்ல. வந்தீங்களே, அது போதும்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இது நகல். அசல அவகிட்ட குடுத்தேன். வீட்டுக்கு வந்துச்சா?"

ஐம்பதுக்குப் பதினொன்று. சிவப்பு மையில் வட்டம் போடாமல், ஓரமாகச் சின்னதாக எழுதியிருந்தார்.

"வரல."

"வந்திருக்காதுன்னு நெனச்சேன். சின்னப் பள்ளிக்கூடத்துல எப்பவும் முதல் எடம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. இந்த மாதிரிப் பிள்ளைங்கதான் சட்டுன்னு காணாமப் போவாங்க. தோத்துப் பழகினவன் பேசாம உக்காந்திருப்பான். இவங்களுக்கு அது தெரியாது. எழுந்து போயிடுவாங்க."

பெரியவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"சார், என்னைத் தெரியுதா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நிஜமாகவே முயற்சி செய்தார். "இங்க படிச்சீங்களாம்மா?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி. கீழ, பன்னெண்டாம் நம்பர் ரூம். கடைசிக்கு முன் பெஞ்சு, ஜன்னல் ஓரம். நீங்கதான் கணக்கு."

"மன்னிச்சுக்கோங்க. ஞாபகம் இல்ல. அந்த வருஷம் எனக்கு மட்டும் நூத்தி எண்பது பேர்." நிறுத்திவிட்டு, "முடிச்சீங்களா?" என்றார்.

"முதலாண்டே முடிக்கல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தார். "அந்த வருஷம் முன்னூத்திப் பத்துப் பேரு சேந்தாங்க. அடுத்த வருஷம் பாத்தா எழுபத்தெட்டுப் பேரக் காணோம். யார் எப்பப் போனாங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. காலையில ஒரு தடவ பேரு கூப்பிடுவோம், வகுப்புல அவங்கவங்க குறிச்சு வெப்போம், அதோட சரி. பழைய பதிவேட்ட எல்லாம் எடுத்து வெச்சு லீவு முழுக்க எண்ணினோம். அப்பறம் தலைமையாசிரியர் கால்ல கையில விழுந்துதான் இந்த மாடிய வாங்கினோம்."

"அப்ப நாங்க விழுந்தத எண்ணித்தான் இந்த மாடி."

"அப்படித்தான் ஆச்சு."

"நல்லது சார். எங்க பேருக்கு எதுக்க ஒரு புள்ளி வெக்க ஆளில்ல. எழுபத்தெட்டுப் பேருல ஒருத்தரையாவது திரும்பக் கூப்பிட்டீங்களா?"

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் மணி அடித்தது. பதில் இருந்ததா என்பது பெரியவளுக்கு அன்று தெரியவில்லை. "வகுப்புக்கு வாங்க, இன்னிக்கு இருக்காளா பாப்போம்" என்று அவர் முன்னால் நடந்தார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலி.

அவள் படிக்கட்டுகளில் இறங்கி ஓடினாள். முன்வாசலில் காவலாளி நிற்கிறான், ஆகவே அது இல்லை. சமையல்கட்டுப் பக்கம், காய்கறி வண்டிகள் வந்துபோக ஒரு சின்னக் கதவு உண்டு. அதைப் பெரியவளுக்கு யாரும் காட்டித் தரவேண்டியதில்லை. கதவைத் தாண்டியதும் எதிரே பேருந்து நிறுத்தம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு சின்னவள் ஏறிக்கொண்டிருந்தாள். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. பெரியவள் பின்கதவுக் கம்பியைத் தாவிப் பிடித்தாள். நடத்துநர் பொறுப்பாக நாலு வசவு கொடுத்து உள்ளே இழுத்துப் போட்டார்.

அது ஊரைச் சுற்றி வருகிற வட்டப் பேருந்து. ஏறின இடத்துக்கே ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும்.

சின்னவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மேலங்கியைப் பார்த்து முதலில் அம்மா என்றே நினைத்து வெலவெலத்துப் போனாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான். எங்க போற?"

"எங்கயும் இல்ல. சுத்தும்."

"தினமுமா?"

"கணக்கு வகுப்பு இருக்கற நாள்ல."

மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியெல்லாம் வழிந்தது. பெரியவள் பையைத் திறந்து நகலை எடுத்து மடியில் வைத்தாள். சின்னவள் அதைக் கையால் மூடினாள், பேருந்தில் இருக்கிற எல்லாரும் படித்துவிடப் போகிறார்கள் என்பது போல.

"எனக்கு அது புரியல அக்கா. சுத்தமா புரியல. பக்கத்துல இருக்கறவளுக்கெல்லாம் புரியுது. அவங்க பழைய ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்களாம். கை தூக்கிக் கேக்கலாம்னா, கேட்டா தெரிஞ்சுடும்."

"என்ன தெரிஞ்சுடும்?"

"நான் ஒண்ணுமில்லன்னு."

"ஒரு பரீட்சையில?"

"உனக்குச் சொன்னா புரியாது. நீயாவது அம்மாவுக்காக விட்ட. ஊரே உன்னப் பத்திப் பெருமையா பேசுது. நான் எதுக்காக விட்டேன்னு சொல்லுவேன்? பதினொண்ணு வாங்கினேன், அதனாலன்னா?"

பேருந்து ஒரு பாலத்தின் மேல் ஏறியது. கீழே ரயில் தண்டவாளங்கள் மழையில் மினுங்கின. பெரியவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் அம்மாவுக்காக விடல."

"என்ன?"

"முதல் வாரம் எனக்கு ரூம் கண்டுபிடிக்கத் தெரியல. மூணு நாள் லேட்டா போனேன். வரலாறு டீச்சர், 'வழி தெரிஞ்சா வா, இல்லாட்டி வீட்டுலயே இரு'ன்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த நாள் அந்த வகுப்புக்குப் போகல. யாரும் கேக்கல. அதுக்கடுத்து கணக்குக்குப் போகல. அதையும் யாரும் கேக்கல. அப்பறம் காலையில பேரு கூப்பிட்டதும் 'உள்ளேன்'னு சொல்லிட்டு, அந்தச் சின்னக் கதவு வழியா வெளிய வந்துடுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சொன்னா யாருக்கும் போதாது, பாத்தியா? அதனாலதான் சொல்லவே இல்ல."

"எங்க போவ?"

"நடப்பேன். நீ பஸ்ல போற, வசதி கூடிப்போச்சு. நான் ஸ்டேஷன், மார்க்கெட், துறைமுகம்னு கால் போன போக்குல நடந்தேன். ஏழு வாரம். செருப்பு தேஞ்சு ஓட்டை விழுந்துடுச்சு. அம்மா கேட்டதுக்கு, ஸ்கூல் ரொம்பப் பெருசு, நெறைய நடக்கணும்னு சொன்னேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எட்டாவது வாரந்தான் அம்மா கை ரோலர்ல போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். 'பள்ளிக்கூடத்த விட்டு ஓடி வந்துட்டியா என் கண்ணு'ன்னு அழுதா. ஆமான்னு தலையாட்டினேன். அன்னிக்கு ஆட்டின தலைதான். இன்னும் நிறுத்த முடியல."

சின்னவள் வெகுநேரம் அவளையே பார்த்தாள். கோபமா, ஏமாற்றமா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. நாலு வருஷமாக அவளும்தான் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்திருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லுவியா?"

"எதுக்கு இப்ப?"

"நீ அதச் சொல்லு. நான் பதினொண்ணக் காட்டறேன். நீ சொல்லலைன்னா நானும் காட்டமாட்டேன்."

பேருந்து பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு வந்து நின்றது. சின்னவள் இறங்கிக் கடைசி மணிக்கு உள்ளே போனாள். பெரியவள் இறங்க மறந்து இன்னொரு முழுச் சுற்றும் போய் வந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஆஸ்பத்திரி விரிப்புகள் அதிகமாக வருகிற நாள். காலையிலிருந்து பெரியவள் சொல்ல வாயெடுத்து எடுத்து விழுங்கினாள். வீட்டில் முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்வதைவிட இங்கே, இரைச்சலில், கைகள் வேலையாக இருக்கும்போது சொல்வது சுலபம் என்று நினைத்தாள். பதினொரு மணி வாக்கில், ஒரு விரிப்பை இழுத்துப் பிடித்தபடி எதிரே பார்த்து உதட்டை அசைத்தாள்.

"அம்மா. உன் கைக்காக நான் படிப்ப விடல."

அம்மா காதைச் சாய்த்தாள். "என்ன விடல?"

"அதுக்கு முன்னாடியே விட்டுட்டேன். ஏழு வாரம் போகவே இல்ல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

விரிப்பு உள்ளே போயிற்று. அடுத்ததை எடுத்தார்கள். அம்மாவின் முனை கையிலிருந்து நழுவி, விரிப்பு கோணலாக, கொத்தாகச் சுருண்டு போனது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். "என்னம்மா அங்க, தூக்கமா?" என்று ஆவி முதுகுக்குப் பின்னால் முளைத்தார். அம்மா அடுத்த விரிப்பை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். சாப்பாட்டு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அந்த நாற்பது நிமிஷமும் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மணி அடித்ததும் அம்மா நேரே குழாயடிக்குப் போய்த் தழும்புக் கையைத் தண்ணீருக்கு அடியில் நீட்டினாள். இப்போதுதான் சுட்டது போல நீட்டிக்கொண்டே இருந்தாள். அன்று சாப்பிடவில்லை. வேலைக்குப் புதிதாக வந்திருந்த பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தும் கையைக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தாள்.

"நாலு வருஷம். என்னால ஒரு பொண்ணு வாழ்க்கை போச்சேன்னு எத்தன நாள் எனக்குச் சோறு எறங்கல தெரியுமா? உங்கப்பா போன் பண்றப்பல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கேன். நீ பாத்துக்கிட்டேதானே இருந்த?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்தா நான் யாருன்னு உனக்குத் தெரிஞ்சுடும். அந்தக் கதையில இருந்தவள உனக்குப் பிடிச்சிருந்துது."

அம்மா கையை ஓங்கினாள். ஓங்கின கை எதன்மேலும் விழாமல் இறங்கியது. அந்த நேரம் பார்த்துச் சின்னவள் உள்ளறையிலிருந்து வந்து, மடித்து மடித்துக் கசங்கிப்போன ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன, பதினொண்ணாம் நம்பர் பாடமா?"

"மார்க்கு."

"எத்தனைக்கு?"

"அம்பதுக்கு. கணக்கு வகுப்புக்கும் போகல. ஆறு நாள். பஸ்ல சுத்தினேன்."

அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒருத்தியைப் பார்த்தாள், இன்னொருத்தியைப் பார்த்தாள். "வேற ஏதாவது இருக்கா? இருந்தா இன்னிக்கே கொட்டிடுங்க. திங்கக்கிழமைக்கு மிச்சம் வெக்காதீங்க." சொல்லிவிட்டு அழுதாள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமி அடங்கியது.

திங்கட்கிழமை அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தன் மேலங்கியைத் தானே போட்டுக்கொண்டு கிளம்பினாள். பெரியவளையும் கூட வரச் சொன்னாள். மூன்றாவது மாடியில் கணக்கு சாரோடு மற்ற மூன்று ஆசிரியர்களும் இருந்தார்கள். சின்னவளையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். அதட்டல் இல்லை. காலை ஏழரைக்கு, பள்ளி தொடங்குமுன், கணக்கில் பின்தங்கினவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, அதில் சேர்த்துவிடலாம் என்றார் கணக்கு சார்.

"எத்தன பேரு அதுல?" என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"உன்னோட பதினாலு."

"பதினாலு பேரா?"

"பதினொண்ணுக்குக் கீழ வாங்கினவங்களே அஞ்சு பேர் இருக்காங்க. உன் பக்கத்துல உக்காந்து புரிஞ்ச மாதிரி தலையாட்டறாளே, அவளும் வர்றா."

சின்னவள் வாயைப் பிளந்தாள். அவள் வகுப்புக்குக் கிளம்பிப் போன பிறகு, கணக்கு சார் ஒரு நீளமான பழைய பதிவேட்டை எடுத்துப் பெரியவள் முன்னால் திறந்தார்.

"சனிக்கிழமை கிடங்குல தேடி எடுத்தேன். இதோ உங்க பேரு. இது என் கையெழுத்து. முப்பத்தொரு தடவ 'வரவில்லை'ன்னு நானே போட்டிருக்கேன். நூத்தி எண்பது பேருல ஒருத்தர்னு, ஒரு தடவகூட ஏன்னு கேக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு 'இல்ல'ன்னுதான் பதில் சொல்லணும். யாரையும் திரும்பக் கூப்பிடல. வர்றவங்களப் பிடிச்சு வெக்கறதுலயே நேரம் போயிடுச்சு. சாயங்கால வகுப்பு ஒண்ணு இருக்கு, வயசு தடையில்ல. வாங்கன்னு சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல. இருக்குன்னு மட்டும் சொல்றேன்."

பெரியவள் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயருக்கு எதிரே வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். நடந்து தீர்த்த நாட்கள்.

வெளியே வந்து படியிறங்கும்போது அம்மா கேட்டாள். "நீ உக்காந்த ரூம் எது?"

"அது எதுக்கு இப்ப?"

"காட்டு."

பன்னிரண்டாம் அறையில் அப்போது வகுப்பு இல்லை. கதவு திறந்தே இருந்தது. பெரியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா உள்ளே போய், பெஞ்சுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து, கடைசிக்கு முந்தின பெஞ்சைக் காட்டி, "இதுவா?" என்றாள். பெரியவள் தலையசைத்தாள். அம்மா அதில் உட்கார்ந்தாள். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே அவள் உடம்பு இடுங்கிக்கொண்டது. ஜன்னல் வழியே தெரிந்த சமையல்கட்டையும் சின்னக் கதவையும் பார்த்தாள்.

"அந்தாளச் சொல்லிக் குத்தமில்ல" என்றாள். "அவருக்கு நூத்தி எண்பது பேரு. எனக்கு ரெண்டே பேரு. செருப்பு தேஞ்சு வந்து நின்ன. எங்கடி நடந்தன்னு உக்காரவெச்சுக் கேட்டேனா? புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தேன்."

பெரியவள் உள்ளே வந்து அந்த பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த மணி அடித்து, பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வரும்வரை இரண்டு பேரும் எழவில்லை.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சின்னவள் ஏழரை மணி வகுப்புக்குப் போக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்புவாள். இரண்டாம் பரீட்சையில் பத்தொன்பது, மூன்றாவதில் இருபத்தாறு. பழைய மாதிரி முதலிடம் அந்த வருஷம் திரும்பி வரவில்லை. நடுவில் ஒரு நாள் மறுபடி பேருந்தில் ஏறிவிட்டாள். அன்று மாலைக்குள் போன் வந்துவிட்டது. ஆண்டு முடிவில் எல்லாப் பாடத்திலும் தேறினாள். அவளுடைய நூறு பேரில் தொண்ணூற்றாறு பேர் மிஞ்சினார்கள். இரண்டு குடும்பங்கள் வீடு மாறிப் போயின. மீதி இரண்டு பேர், ஆசிரியர்கள் எத்தனை தடவை வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அந்த இரண்டு பேரைப் பற்றிக் கணக்கு சார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்று சின்னவள் சொன்னாள்.

பெரியவள் மூன்று மாதம் இழுத்தடித்து, நாலாவது மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் சாயங்கால வகுப்பில் பெயர் கொடுத்தாள். வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்து, கையில் சோப்பு வாசனையோடு போய் உட்கார வேண்டும். முதலாண்டுப் பாடம். அவளைவிட மூத்தவர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

அடுத்த கல்வியாண்டில் வீட்டில் இருந்த ஒரே மேசைக்குத் தினமும் சண்டை நடந்தது.

"நகரு. எனக்கு நெறைய இருக்கு."

"எனக்குந்தான் இருக்கு."

"நீ முதலாண்டு. நான் ரெண்டாமாண்டு. பெரிய வகுப்புக்காரங்ககிட்ட மரியாதையா பேசிப் பழகு."

"அறைஞ்சேன்னா தெரியும். இந்தக் கணக்குல எக்ஸ் எங்கேருந்து வந்துச்சு, அதச் சொல்லு முதல்ல."

"அத நேத்தே சொன்னேன்."

"திரும்பச் சொல்லு."

சின்னவள் சொன்னாள். பெரியவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். மறுபடியும் புரியவில்லை. பெரியவள் பென்சிலைப் போட்டுவிட்டு விருட்டென்று எழுந்து கதவைத் திறந்தாள்.

அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். அடுப்பைச் சிறியதாக்கினாள்.

"எங்க போற?"

பெரியவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். மாடிப்படி கீழே இருட்டத் தொடங்கியிருந்தது.

"எங்க போறேன்னு தெரியல" என்றாள்.

"சரி. செருப்பு மாட்டிக்க. நானும் வரேன்."

டயர் கடையைத் தாண்டி, தெருக்கோடி வரை இரண்டு பேரும் நடந்துவிட்டுத் திரும்பினார்கள். சின்னவள் மேசையில் அந்தக் கணக்கை மூன்றாவது தடவையாக, வேறு மாதிரி எழுதி வைத்திருந்தாள்.